தனியாக வைத்தால் ஓடுகிறது, சேர்த்தால் நிற்கிறது: வீட்டு மேசையில் மைக்ரோகன்ட்ரோலர்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் ஏற்றி ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்த போர்டு), மண் ஈரம் பார்க்கும் சென்சார், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), 5 வோல்ட் குட்டி பம்ப், ஒரு எல்சிடி திரை. இவற்றை வைத்துச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்கிறீர்கள். சென்சாரைத் தனியாக வைத்தால் எண் சரியாக வருகிறது. பம்பைத் தனியாக வைத்தால் ஓடுகிறது. சேர்த்தால், பம்ப் கிளம்பும் நொடியில் போர்டு முதலிலிருந்து தொடங்குகிறது. சில நேரம் திரையில் கண்டபடி எழுத்துகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் சப்ளை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து (பின் என்பது போர்டில் ஒயர் இணைக்கும் இடம்), ஊனோவுக்கு லேப்டாப்பிலிருந்து. புரோகிராமைப் பலமுறை மாற்றியும் பயனில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர் இதையெல்லாம் வீட்டிலேயே கற்றுக்கொள்ள முடியுமா, எங்கிருந்து தொடங்குவது என்பது இரண்டாவது கேள்வி.

முடியும். அதை இந்தப் பழுதிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் உங்கள் மேசையில் இப்போது இருப்பதைவிட நல்ல பாடம் தேடினாலும் கிடைக்காது. புரோகிராமை அப்படியே விட்டுவிடுங்கள். கோளாறு அதில் இல்லை, மின்சாரம் வந்து போகும் வழியில் இருக்கிறது.

சர்க்யூட் படத்தில் ஒயர் என்பது ஒரு கோடு. ஒரு முனையில் 5 வோல்ட் என்றால் மறுமுனையிலும் 5 வோல்ட். மேசையில் கிடக்கும் ஒயர் அப்படி இல்லை. அதற்கு நீளம் உண்டு, பருமன் உண்டு, அதனால் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸும் (மின்தடை) உண்டு. பிரெட்போர்டு என்ற, ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகையின் துளைக்குள் ஒயர் நுனியைக் கவ்விப் பிடிக்கிற தகட்டிலும் கொஞ்சம் உண்டு. ஒரு எல்இடி எரிய 10 மில்லி ஆம்பியர் போதும் என்பதால் அப்போது இந்தக் கொஞ்சம் தெரியவே தெரியாது. போகும் ஒயரிலும் திரும்பும் ஒயரிலும் சேர்த்து அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஆம்பியருக்கு அதில் இழப்பது 0.005 வோல்ட். 1 ஆம்பியருக்கு 0.5 வோல்ட். எல்இடி பாடங்களில் எல்லாம் சரியாக வந்து, பம்ப் வந்ததும் எல்லாம் குலைவது இதனால்தான்.

பம்பில் 200 மில்லி ஆம்பியர் என்றுதானே போட்டிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது. சுற்றும் மோட்டார் கூடவே ஒரு ஜெனரேட்டராகவும் வேலை செய்கிறது. வரும் வோல்டேஜுக்கு எதிராகத் தானே ஒரு வோல்டேஜை உண்டாக்குவதால் கரண்ட் அடங்கி இருக்கிறது. நிற்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு கிடையாது, சுருளின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் தடுக்கும். சுருள் 5 ஓம் என்றால், கிளம்பும் அந்தக் கணத்தில் 1 ஆம்பியர் பாயும். உங்களுடையது பிரஷ் வைத்த சாதாரண டிசி மோட்டாராக இருந்தால், மல்டிமீட்டரை ஓம் நிலைக்குத் திருப்பி பம்பின் இரண்டு ஒயர்களிலும் வைத்துப் பாருங்கள். 5 வோல்டை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உங்கள் பம்ப் கிளம்பும்போது கேட்கும் கரண்ட்.

இப்போது கொடுக்கும் பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர் வரை. ஊனோ போர்டிலும் அதே அளவுக்கு ஒரு ஃபியூஸ் இருக்கிறது. சூடானால் தடுத்து, ஆறியதும் மறுபடி விடும் வகை. 500 இருக்கும் இடத்தில் பம்ப் 1000 கேட்டால் வோல்டேஜ் சரியும். ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப், வோல்டேஜ் 2.7க்குக் கீழே போனால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஆனால் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது நம்பகமாக ஓட ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்தான் ஆபத்தானது. ரீசெட்டும் ஆகாது, கணக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒருமுறை ரீசெட், ஒருமுறை உறைந்து நிற்பது, ஒருமுறை ஒன்றுமே நடக்காதது போல் ஓடுவது என்று மாறி மாறி வந்தால், பெரும்பாலும் வோல்டேஜ் அந்த நடு இடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்று அர்த்தம்.

சரி, இது ஊகமா உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும். சில மில்லிசெகண்ட் மட்டும் நடக்கும் சரிவு அதன் கண்ணில் படாது. வோல்டேஜ் நொடிப்பொழுதில் மாறுவதையும் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. பம்புக்கு மட்டும் தனியாக மூன்று ஏஏ பேட்டரி கொடுங்கள். ரிலேவின் காண்டாக்ட் வெறும் ஒரு சுவிட்ச். அது கட்டுப்படுத்தும் பக்கத்திலிருந்து முற்றிலும் விலகி நிற்பதால், இந்தச் சோதனைக்கு கிரவுண்டைக்கூட (மைனஸ் ஒயர்கள் சேரும் பொதுப் புள்ளி) சேர்க்க வேண்டியதில்லை. ரீசெட் நின்றுவிட்டால் சப்ளைதான் காரணம். நிற்கவில்லை என்றால், மோட்டார் உண்டாக்கும் மின் இரைச்சல், அதாவது ஒயர்களில் தெறிக்கும் வேண்டாத துடிப்புகள், காரணம். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு சோதனையும் செய்து பாருங்கள், இதைச் செய்த பிறகு ஒயரை நீங்கள் பார்க்கும் விதமே மாறும். பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பழைய இணைப்புக்கே போங்கள். மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையை ஊனோவின் கிரவுண்ட் பின்னிலும் சிவப்பு முனையை பம்பின் மைனஸ் ஒயரிலும் வையுங்கள். படத்தில் இரண்டும் ஒரே புள்ளி, அதனால் மீட்டர் 0 காட்ட வேண்டும். பம்ப் நிற்கும்போது அப்படித்தான் காட்டும். பம்பை ஓடவிடுங்கள். 0.1, 0.2 என்று ஏதோ ஒரு எண் ஏறி நிற்கும். உங்கள் சென்சாரின் கிரவுண்டும் அதே வழியில் சேர்ந்திருந்தால், அதன் எண்ணும் அந்த அளவுக்குத் தள்ளிப் போகும். ஊனோ 5 வோல்டை 1024 படிகளாக வெட்டி அளக்கிறது, 0.2 வோல்ட் என்பது 41 படி. பம்ப் ஓடும்போது மட்டும் மண்ணின் ஈரம் மாறுவதுபோல் தெரிந்தால், மாறியது மண் அல்ல.

அதனால் திருத்தம் இப்படி இருக்கட்டும். 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை எடுத்து, அதன் முனையிலேயே வழியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு ஜோடி ஒயர் நேராக ஊனோவுக்கு, இன்னொரு ஜோடி, கொஞ்சம் தடித்ததாக, நேராக பம்புக்கு. பம்பின் கரண்ட் ஊனோ வழியாகவோ சென்சாரின் கிரவுண்ட் வழியாகவோ போகவே கூடாது. ஊனோவின் 5 வோல்ட் பின்னில் வெளிச் சப்ளை கொடுக்கும்போது யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்தப் பின்னில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ப்ளஸ் மைனஸ் மாறினால் சிப் அப்போதே போய்விடும்.

மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துக் கொடுக்கும் கபாசிட்டர் ஒன்று பெரியதாக வைத்தால் போதாதா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 470 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர் 1 ஆம்பியரை ஒரே ஒரு மில்லிசெகண்ட் கொடுத்தாலே அதன் வோல்டேஜ் 2 வோல்டுக்கு மேல் இறங்கிவிடும். மோட்டார் வேகம் பிடிக்க அதைவிட அதிக நேரம் ஆகும். கபாசிட்டர் நொடிப்பொழுதுச் சரிவைத் தாங்கும், போதாத சப்ளையை ஈடுகட்டாது.

திரையில் வரும் கண்டபடி எழுத்துகளுக்கு வேறு காரணமும் இருக்கலாம். மோட்டாரின் சுருளில் ஓடும் கரண்டை ரிலே சட்டென்று வெட்டும்போது, அந்தக் கரண்ட் நிற்க மறுக்கும். போக வழி இல்லாததால் வோல்டேஜ் மேலே பாய்ந்து காண்டாக்டில் பொறி பறக்கும். அந்த அதிர்வு பக்கத்து ஒயர்களிலெல்லாம் தெறிக்கும். உங்கள் எல்சிடி ஒவ்வொரு எழுத்தையும் நான்கு நான்கு பிட்டாக, இரண்டு பாதியாக வாங்கிச் சேர்க்கிறது. இடையில் ஒரு பொய்யான துடிப்பு புகுந்தால், அடுத்து வருவதெல்லாம் பாதி பாதியாக இடம் மாறிச் சேரும். அதுதான் நீங்கள் பார்க்கும் கிறுக்கல். மருந்து ஒரு சின்ன டயோடு, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். 1என்4007 ஒன்றை பம்பின் இரண்டு ஒயர்களுக்கும் குறுக்கே, வெள்ளிக் கோடு போட்ட முனை ப்ளஸ் பக்கம் இருக்கும்படி, பம்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இணையுங்கள். திருப்பி வைத்தால் நேரடி ஷார்ட் ஆகும், கவனம். ரிலே மாட்யூலில் ஏற்கெனவே ஒரு டயோடு இருக்கிறதே என்றால், அது ரிலேயின் சுருளுக்கு உள்ளது, பம்புக்கு அல்ல. கூடவே மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 100 நானோ ஃபாரட் செராமிக் கபாசிட்டர் ஒன்றும் வைத்தால் பிரஷ் உண்டாக்கும் இரைச்சலும் குறையும்.

அடுத்த தடவை செய்யும்போது ரிலேவை விட்டுவிட்டு, அசையும் பாகம் இல்லாத மின்னணு சுவிட்சான மாஸ்ஃபெட் பக்கம் வாருங்கள். 5 வோல்ட் டிசி பம்புக்கு டக் டக்கென்று அடிக்கும் ரிலே தேவையில்லை. ஆனால் எந்த மாஸ்ஃபெட் என்று பார்த்து வாங்க வேண்டும். மாட்யூலாகப் பரவலாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்520, அதைத் திறக்கும் காலான கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் முழுதாகத் திறக்கும். ஊனோவின் 5 வோல்டுக்கு அரைகுறையாகத் திறந்து சூடாகும், வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு தரும் 3.3 வோல்டுக்கு இன்னும் மோசம். போர்டு தரும் குறைந்த வோல்டிலேயே முழுதாகத் திறக்கும் லாஜிக் லெவல் வகை என்று கேட்டு வாங்குங்கள். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் வைத்துவிடுங்கள். போர்டு கிளம்பும்போது அதன் பின்கள் சிறிது நேரம் எந்தப் பக்கமும் சேராமல் மிதக்கும். அந்த நேரத்தில் பம்ப் தானாக ஓடாமல் இருக்க இது வேண்டும். மாஸ்ஃபெட் வைத்தால் பம்பின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் கட்டாயம் சேர்ந்திருக்க வேண்டும், ரிலேவில் இருந்த விலகல் இங்கே இல்லை.

சப்ளை பற்றி இவ்வளவு சொல்லக் காரணம், என்னிடம் வருகிற கேள்விகளில் மிகப் பெரும்பாலானவை கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. வைஃபை இணைக்கும்போது இஎஸ்பி32 திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறதா, சர்வோ மோட்டார் நடுங்குகிறதா, எல்இடி பட்டையின் கடைசி விளக்குகள் மட்டும் சிவந்து மங்குகின்றனவா? எல்லாமே ஒரே கதை. அப்புறம் அந்தச் சதுரமான 9 வோல்ட் பேட்டரி. அது புகை எச்சரிக்கைக் கருவி போல மிகக் குறைந்த கரண்ட் எடுப்பவற்றுக்கு ஏற்றது. மோட்டாருக்கு வைத்தால் அதன் உள் ரெசிஸ்டன்ஸே பாதியைத் தின்றுவிடும்.

இனி செடிக்கு வருவோம், ஏனென்றால் சப்ளை சரியானதும் உங்களுக்கு வரப்போகும் அடுத்த மூன்று தொல்லைகள் எனக்குத் தெரியும்.

முதலாவது சென்சார். இரண்டு உலோகக் கால்கள் மண்ணுக்குள் போகும் வகை என்றால், அதற்குச் சதா 5 வோல்ட் கொடுத்து வைத்திருப்பது ஈர மண்ணில் மின்னாற்பகுப்பு நடத்துவதற்குச் சமம். ஒரு காலின் உலோகம் கரைந்துகொண்டே போகும், எண்ணும் நாளுக்கு நாள் நகரும். சென்சாரின் ப்ளஸ் ஒயரை 5 வோல்டிலிருந்து எடுத்து ஊனோவின் ஒரு டிஜிட்டல் பின்னில் இணையுங்கள். அளக்க வேண்டிய நேரத்தில் மட்டும் அந்தப் பின்னை 5 வோல்டுக்கு உயர்த்தி, கொஞ்சம் பொறுத்து, படித்துவிட்டு இறக்கிவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை படித்தால் போதும். இதைவிட நல்லது கபாசிட்டிவ் வகை, அதில் உலோகம் மண்ணைத் தொடுவதே இல்லை. அதிலும் பலகையின் வெட்டிய ஓரங்கள் ஈரத்தை உறிஞ்சும். ஓரங்களில் நகப்பூச்சு இரண்டு கை பூசிக் காயவிட்டால் ரொம்ப நாள் வரும். எந்த வகையானாலும், புரோகிராமில் யாரோ எழுதிய வரம்பு எண்ணை அப்படியே வைக்காதீர்கள். காற்றில் பிடித்து ஒரு எண், தண்ணீரில் குறியிட்ட அளவு வரை அமிழ்த்தி ஒரு எண், நீங்கள் கையால் தண்ணீர் ஊற்ற நினைக்கும் அளவுக்கு மண் காய்ந்திருக்கும்போது ஒரு எண். மூன்றையும் நோட்டில் எழுதி வைத்து, வரம்பை அதிலிருந்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் நிற்காமல் வருவது. பழகியவர்களே இதில் ஏமாறுவார்கள். தண்ணீர்ப் பாத்திரத்தின் மட்டம் குழாயின் வெளிமுனையைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் ஒருமுறை குழாயை நிரப்பியதும் தண்ணீர் தன் எடையாலேயே இறங்கிக்கொண்டிருக்கும். பாத்திரம் காலியாகும் வரை நிற்காது. புரோகிராமில் எவ்வளவு தேடினாலும் இதற்குக் காரணம் கிடைக்காது. பாத்திரத்தைத் தாழ்வாக வையுங்கள். முடியாவிட்டால் குழாயின் மிக உயரமான வளைவில், பாத்திரத்துக்கு நேர் மேலே, காற்றுப் புக ஒரு சின்னத் துளை போடுங்கள். அதில் கசிவது பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

கூடவே இன்னொன்று: பாத்திரம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு தண்ணீரும் ஒருநாள் தரைக்கு வரும் என்று எண்ணியே அளவைத் தேர்ந்தெடுங்கள். ஒயர் கழன்று சென்சார் 'காய்ந்திருக்கிறது' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? புரோகிராம் நடுவில் உறைந்து பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால்? ஒரு தடவைக்கு இத்தனை நொடி, ஒரு நாளைக்கு இத்தனை தடவைக்கு மேல் இல்லை என்று வரம்பு எழுதுங்கள். சிப்புக்குள்ளேயே வாட்ச்டாக் என்று ஒரு காவல் கடிகாரம் இருக்கிறது. குறித்த நேரத்துக்குள் புரோகிராம் அதைத் தட்டவில்லை என்றால் அதுவே ரீசெட் செய்துவிடும்; ஊனோவின் சிப்பில் அந்த நேரத்தை 8 நொடி வரை வைக்கலாம்.

மூன்றாவது, நேரக் கணக்கு. இதில் நானே ஒரு செடியை அழுக வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் காத்திருக்க, டிலே என்ற கட்டளைக்குள் 30 பெருக்கல் 60 பெருக்கல் 1000 என்று எழுதினேன். பார்க்கத் தெளிவாக இருக்கிறது, 18 லட்சம் மில்லிசெகண்ட். ஆனால் ஊனோவில் சாதாரண முழு எண் 16 பிட் மட்டுமே. அதில் 32767 வரைதான் அடங்கும். 18 லட்சம் அதில் வழிந்து, கடைசியில் மிஞ்சியது 30528. அதாவது முப்பது நிமிடத்துக்குப் பதில் முப்பது நொடி. செடி ஒரு பகல் முழுக்க அரை நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. இதே பிழை ஒரு நிமிடத்துக்கு, 60 பெருக்கல் 1000 என்று எழுதினால், எதிர்ப்பக்கம் போகும். 60000 வழிந்து மைனஸ் 5536 ஆகும். டிலே அதைக் குறியில்லாத 32 பிட் எண்ணாக எடுத்துக்கொண்டு 49 நாளுக்கு மேல் காத்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டிய கருவி முதல் தடவை ஓடிவிட்டு அப்படியே நிற்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முதல் எண்ணுக்குப் பின்னால் யூஎல் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் கணக்கு முழுவதும் 32 பிட்டில் நடக்கும், பிழை போய்விடும்.

டிலேயையே விட்டுவிட்டு மில்லிஸ் கடிகாரத்துக்கு மாறுவது இன்னும் நல்லது. டிலே நடக்கும்போது போர்டு வேறு எதையும் பார்க்காது, பட்டனை அழுத்தினாலும் தெரியாது. மில்லிஸ், போர்டு கிளம்பியதிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும். 32 பிட் எண் என்பதால் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது கழித்தல் கடைசியாக ஊற்றிய நேரம், அது இடைவெளியைவிட அதிகமா?' என்று கழித்து எழுதினால் அந்தத் திருப்பம் எதையும் கெடுக்காது. 'கடைசி நேரம் கூட்டல் இடைவெளியை இப்போது தாண்டிவிட்டதா?' என்று கூட்டி எழுதினால் ஐம்பதாவது நாள் வாக்கில் தடுமாறும். மேசையில் ஒரு வாரம் சோதித்தாலும் இது வெளியே வராது.

சென்சார் எண்களையும் சந்தேகத்தோடு பார்க்கப் பழகுங்கள். டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் அறையில் திடீரென்று 85 டிகிரி காட்டினால் அது வெப்பமே இல்லை. மின்சாரம் வந்ததும் அதன் நினைவில் இருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிப்பதற்குள் படித்துவிட்டீர்கள், அல்லது நடுவில் சப்ளை அறுந்து அது மறுபடி கிளம்பியிருக்கிறது. அதைப் படிக்க உதவும் ஆயத்தப் புரோகிராமான லைப்ரரி மைனஸ் 127 என்று தந்தால் ஒயர் கழன்றிருக்கிறது. இப்படி ஒவ்வொரு சென்சாருக்கும் டேட்டாஷீட் என்ற ஒரு கையேடு இருக்கிறது. முழுதும் படிக்க வேண்டாம். எவ்வளவு வோல்ட், எவ்வளவு கரண்ட், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை படிக்கலாம், தாங்கும் உச்ச வரம்பு எது, இவ்வளவு மட்டும் முதலில் போதும்.

இனி இரண்டாவது கேள்வி. எலெக்ட்ரானிக்ஸ் படிக்காமல் வரலாமா என்றால், ஆர்டுயினோவே அப்படிப்பட்டவர்களுக்காகப் பிறந்ததுதான். 2005 வாக்கில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு டிசைன் கல்விக்கூடத்தில், பொறியாளர் அல்லாத மாணவர்கள் கையாளட்டும் என்று உருவானது. அதற்கு அடிப்படையாக இருந்த வயரிங் என்ற தளம் அதே இடத்தில் 2003இல் எர்னாண்டோ பர்ரகான் என்ற மாணவர் தொடங்கியது. எனவே படிப்பு தடை இல்லை. ஆனால் நான்கு விஷயத்தைக் கையால் செய்து புரிந்துகொள்ளாமல் மேலே போகாதீர்கள்.

ஓம் விதியை (வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கரண்ட்) ஒரு எல்இடியில் செய்து பாருங்கள். 5 வோல்டில் சிவப்பு எல்இடி 2 வோல்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3. 220 ஓம் ரெசிஸ்டரில் அது 13 மில்லி ஆம்பியர் சொச்சம். கணக்குப் போட்ட பிறகு மல்டிமீட்டரில் அளந்து, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பாருங்கள். ஊனோவின் ஒரு பின் 20 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. பின்னில் நேராக மோட்டாரையோ ரிலேயின் சுருளையோ இணைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். அப்புறம் இரண்டு ரெசிஸ்டரால் வோல்டேஜைப் பிரிப்பது. 5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட் போர்டுக்குக் கொடுக்க 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் வைத்தால் போதும். மூன்றாவதாக, எதிலும் இணைக்காத உள்ளீட்டுப் பின் தன்பாட்டுக்கு 0, 1 என்று மாறிக்கொண்டிருக்கும் என்பது. பட்டன் வைக்கும்போது புல்-அப் (பின்னை ப்ளஸ் பக்கம் இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) ஏன் வேண்டும் என்பது அதிலிருந்து புரியும். நான்காவது, கரண்ட் எப்போதும் ஒரு சுற்று போட்டுத் திரும்பும் என்பது. அதை உங்கள் பம்பே உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

எந்த போர்டு என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். ஊனோவில் 32 கிலோபைட் நினைவும் 2 கிலோபைட் ரேமும்தான். ஆனால் 5 வோல்டில் ஓடுவதால் தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். வைஃபை வேண்டுமென்றால் இஎஸ்பி32. பைத்தான் பிடித்தவர்களுக்கு 2021இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ. பின்னவை இரண்டும் 3.3 வோல்ட், அவற்றின் பின்னில் 5 வோல்டைக் காட்டாதீர்கள். போர்டுக்குப் போகும் பணத்தைக் கொஞ்சம் குறைத்து நல்ல மல்டிமீட்டர் வாங்குங்கள். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: கரண்ட் அளக்க 10 ஆம்பியர் துளையில் ஒயரைச் செருகினால், அளந்து முடித்த கையோடு வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அடுத்து வோல்ட் அளந்தால் மீட்டர் வழியாகவே ஷார்ட் ஆகும். அப்புறம் யுஎஸ்பி கேபிள். சிலவற்றில் சார்ஜ் ஒயர் மட்டும்தான் இருக்கும், டேட்டா ஒயர் இருக்காது. போர்டில் விளக்கு எரிகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் அது தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

பிரெட்போர்டில் ஒரு வாரம் பிழையில்லாமல் ஓடிவிட்டால், சால்டர் என்ற ஈயக் கலவையை உருக்கி ஒட்டி நிரந்தரமாக்குங்கள். பிரெட்போர்டு சோதனைக்கு உரியது. ஈரமும் தூசியும் இருக்கும் இடத்தில் மாதக்கணக்கில் நம்ப முடியாது. சால்டரிங் கை வரும் கலை, ஆனால் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான். உருகிய ஈயத்தைச் சால்டரிங் அயர்னின் நுனியில் எடுத்துக்கொண்டு போய்ப் பூசுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரியில் உருகும், அயர்ன் 320 முதல் 350 வரை இருக்கட்டும். நுனியால் பலகையின் செம்பு வளையத்தையும் பாகத்தின் காலையும் ஒரே நேரத்தில் தொட்டு, ஒரு நொடி சூடேற்றுங்கள். பிறகு ஈயக் கம்பியை அயர்னில் அல்ல, எதிர்ப்பக்கத்தில் இருந்து காலில் தொடுங்கள். சூடு போதுமென்றால் ஈயம் தானாக இழுபட்டு, காலைச் சுற்றி ஓடிப் படியும். கம்பியை முதலில் எடுங்கள், அயர்னை அப்புறம். ஆறும் வரை அசைக்காதீர்கள். நல்ல இணைப்பு சரிந்த குன்றின் சரிவுபோலக் காலில் ஏறி நிற்கும். உருண்டையாகத் தனியே நின்றால் வளையம் சூடாகவில்லை. ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையைக் கொஞ்சம் தடவி மறுபடி சூடேற்றுங்கள். எழும் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல, காற்றோட்டமாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஈயம் உள்ள கையால் சாப்பிடக் கூடாது.

வீட்டுச் சுவர் பிளக்கின் மின்சாரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அது பிரெட்போர்டுக்குள் வரவே கூடாது. அந்தத் துளைகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அதற்கானது அல்ல. ரிலே மாட்யூலின் அடிப்பக்கத்தில் சால்டர் புள்ளிகள் திறந்தே இருக்கும். மேலே பார்த்துத் தொடும்போது விரல் கீழே படும். அறை விளக்கைக் கட்டுப்படுத்த ஆசை என்றால், தரச் சான்று பெற்ற ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி, உங்கள் போர்டிலிருந்து வைஃபை வழியாக அதற்குக் கட்டளை அனுப்புங்கள். புரோகிராமில் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் அதனால் குறையாது. லித்தியம் பேட்டரிக்கும் இதே கவனம் வேண்டும். 4.2 வோல்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, பாதுகாப்புச் சுற்று இல்லாமல் சார்ஜ் செய்யக்கூடாது, செல்லின் மேல் நேரடியாக சால்டர் வைக்கக்கூடாது.

இப்போது செய்ய வேண்டியது: பம்புக்குத் தனி பேட்டரி வைத்து ஒருமுறை, பிறகு டயோடு வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். புரோகிராம் தொடங்கும் இடத்தில் 'கிளம்பினேன்' என்று சீரியல் மானிட்டருக்கு (போர்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஜன்னல்) ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினால் ரீசெட் எத்தனை என்று தெரியும். பிறகும் நிற்கவில்லை என்றால் எனக்கு மூன்று எண்கள் வேண்டும்: பம்பின் சுருள் எத்தனை ஓம், பம்ப் ஓடும்போது ஊனோவின் 5 வோல்ட் பின்னில் எத்தனை வோல்ட், அதே நேரத்தில் ஊனோவின் கிரவுண்டுக்கும் பம்பின் மைனஸ் ஒயருக்கும் நடுவே எத்தனை வோல்ட். கூடவே ஒயர்கள் எந்தப் புள்ளியில் பிரிகின்றன என்று தெரியும்படி மேலிருந்து ஒரு படம். அவை இருந்தால் அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்லிவிடலாம்.